சிதாம் மளிகைக்காரர் சந்து

கொல்கத்தாவிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உறையின் மேல் ‘ஹோசிமின் சரணி’ என்று எழுதியாக வேண்டும். வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்த 1960களின் இறுதியில், அதுவரை ஹாரிங்டன் ஸ்ட்ரீட்டாக இருந்த சாலைக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. போர் முடிந்து, இரு நாடுகளும் கை குலுக்கி வியாபாரமும் செய்துகொண்டிருக்கின்றன. தூதரகத்தின் விலாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நகரத்தின் பெரிய சாலைகளில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் லேசாகத் தலை சுற்றும். 1941 ஜனவரியில் நேதாஜி போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கிளம்பிய வீடு எல்ஜின் ரோட்டில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு இன்று லாலா லஜபதி ராயின் பெயர். நேதாஜியின் பெயர் கம்பெனி அலுவலகங்கள் நிறைந்த பழைய கிளைவ் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டது. ஜகதீஷ் சந்திர போஸ் வாழ்ந்த வீடு, அவருடைய சகாவான ரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராயின் பெயர் தாங்கிய சாலையில் இருக்கிறது. போஸின் பெயரோ அதன் தெற்குத் தொடர்ச்சிக்கு. அன்னை தெரசாவின் தலைமை இல்லம் இருப்பது அந்த போஸ் சாலையில். அன்னையின் பெயரை 2004ல் எங்கே வைத்தார்கள்? ஓட்டல்களும் பார்களும் மின்னும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு. இன்றைக்கும் டாக்ஸிக்காரரிடம் ‘மதர் தெரசா சரணி’ என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்.

இவர்கள் யாரும் பெயருக்குத் தகுதியில்லாதவர்கள் அல்ல. பெயர் வைத்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் பெயருக்கும் இடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய ஒட்டுதல் எங்கேயோ அறுந்துபோயிருக்கிறது. அது அறுபடாமல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். சாலைகள் சுருங்கித் தெருவாகி, தெருக்கள் சுருங்கிச் சந்தாகும் பழைய பகுதிக்கு.

அங்கே ‘சிதாம் மூதி லேன்’ என்று ஒரு சந்து இருக்கிறது. வங்காளியில் மூதி என்றால் மளிகைக்காரர். அதாவது, சிதாம் மளிகைக்காரர் சந்து. அதே வட்டாரத்தில் ‘குலு ஒஸ்தாகர் லேன்’. ஒஸ்தாகர் என்பது கைதேர்ந்த தொழிலாளியைக் குறிக்கும். கல்கத்தா வழக்கில் பெரும்பாலும் தையல்காரர். கொஞ்சம் தள்ளி, ஆம்ஹெர்ஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் ‘சக்கு கான்சாமா லேன்’. கான்சாமா என்றால் வெள்ளைக்கார துரை வீட்டில் சமையலையும் பரிமாறலையும் மேற்பார்வை பார்த்தவர். மதராஸ் பாஷையில் பட்லர். பழைய தெருப் பெயர்களின் வரிசையில் ‘பாஞ்சி தோபானி சந்து’ என்றும் ஒன்று உண்டு. தோபானி, சலவைக்காரி.

ஒரு மளிகைக்காரர், ஒரு தையல்காரர், ஒரு பட்லர், ஒரு சலவைக்காரி. சாம்ராஜ்யத்தின் இரண்டாவது பெரிய நகரம் என்று பிரிட்டிஷார் பெருமையடித்துக்கொண்ட ஊரில், வைஸ்ராய்களுக்கும் தளபதிகளுக்கும் கிடைத்த அதே மரியாதை இவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் வேறு எந்தப் பெருநகரமும் வேலைக்காரர்களின் பெயர்களை இவ்வளவு தாராளமாகச் சுவரில் எழுதிவைத்திருக்குமா என்பது சந்தேகமே. சென்னையில் லிங்கி செட்டி, தம்பு செட்டி தெருக்கள் இருக்கின்றன. ஆனால் அவை கிழக்கிந்தியக் கம்பெனியோடு வியாபாரம் செய்த செல்வந்தர்களின் பெயர்கள்.

இந்த மரியாதையை யாரும் உத்தேசித்துச் செய்யவில்லை என்பதுதான் இதில் ரசமான விஷயம். கல்கத்தாவில் பெரிய சாலைகளுக்கும் சந்துகளுக்கும் பெயர் வந்த வழிகள் வேறு வேறு. 1817ல் அமைந்த லாட்டரி கமிட்டி, பெயருக்கேற்றபடி லாட்டரிச் சீட்டு விற்ற காசில் நகரத்தைச் சீரமைத்தது. ஆம்ஹெர்ஸ்ட் ஸ்ட்ரீட், கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட் போன்ற நேர்கோட்டுச் சாலைகள் அந்தக் காலத்தவை. அவற்றுக்குக் கவர்னர் ஜெனரல்களின் பெயர்கள் மேலிருந்து இறங்கின. நடுவில் இருந்த குடிசைகளையும் குளங்களையும் மாட்டுத் தொழுவங்களையும் சுற்றி வளைந்து போன சந்துகளைப் பற்றி எந்தக் கமிட்டியும் கவலைப்படவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. “எந்தச் சந்து?” “சிதாம் கடை இருக்கிறதே, அது.” இப்படிச் சொல்லிச் சொல்லியே பெயர் நின்றது. பிறகு வரி வசூலிக்க வந்த முனிசிபல் குமாஸ்தா, ஜனங்கள் சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டான். தீர்மானம் இல்லை, திறப்பு விழா இல்லை, மாலை இல்லை.

ஒரு தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து குடியிருந்த இடங்களும் இப்படியே பெயர் பெற்றன. குயவர்கள் இருந்த இடம் குமார்துலி. துர்கா பூஜைக்கு இன்றும் அங்கேதான் களிமண் சிலைகள் உருவாகின்றன. தையல்காரர்கள் இருந்தது தர்ஜிபாடா. எண்ணெய் ஆட்டியவர்கள் இருந்தது கொலுதோலா. செருப்புத் தைப்பவர்களின் முச்சிபாடாவில் போலீஸ் ஸ்டேஷன் வந்தபோது அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய அதிகாரிகளும் ‘முச்சிபாடா தாணா’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சில பெயர்கள் தெருவைத் தாண்டி மொழிக்குள்ளேயே போய்விட்டன. ஹரி கோஷ் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. ஹரி கோஷ், கம்பெனி காலத்தில் முங்கேர் கோட்டையின் திவானாக இருந்து சம்பாதித்தவர். அவர் வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம், சாப்பிடலாம் என்று நிலைமை. வேலைவெட்டி இல்லாதவர்கள் கூட்டமாக வந்து அரட்டையடித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ‘ஹரி கோஷின் மாட்டுத் தொழுவம்’ என்று வங்காளியில் ஒரு சொலவடையே பிறந்துவிட்டது. கட்டுப்பாடில்லாமல் ஆட்கள் குவிந்து இரைச்சல் போடும் இடத்தை இன்றும் வங்காளிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். சோறு போட்டவருக்கு இப்படியொரு கைம்மாறு. ஆனாலும் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் ஊர் வாயில் பெயர் இருக்கிறதே!

இந்தச் சந்துகளின் கதையை உட்கார்ந்து எழுதியவர் வங்காளி அல்ல, ஒரு மலையாளி. பரமேஸ்வரன் தங்கப்பன் நாயர், காலடிக்குப் பக்கத்தில் மஞ்சப்ராவில் 1933ல் பிறந்தவர். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் தெரிந்த அந்தக் காலத்துத் தென்னிந்திய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செய்ததையே அவரும் செய்தார். 1955ல் வேலை தேடி கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். மற்றவர்கள் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, ஊர் திரும்பினார்கள். நாயர் நகரத்தின் மேலேயே காதல்கொண்டுவிட்டார். பவானிபூரில் ஒரு சின்ன வாடகை வீடு, ஒரு பழைய டைப்ரைட்டர், டெலிபோனோ டி.வி.யோ கிடையாது. பகலெல்லாம் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகம். எங்கே போனாலும் கால்நடை. ‘வெறுங்கால் வரலாற்றாசிரியர்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. கல்கத்தாவைப் பற்றி மட்டும் டஜன்கணக்கில் எழுதிக் குவித்தார். 1987ல் வந்த ‘கல்கத்தா தெருக்களின் வரலாறு’ என்ற தலையணை கனமுள்ள ஆங்கில நூல், இன்றும் இந்த விஷயத்தில் கடைசித் தீர்ப்பு மாதிரி. பல்கலைக்கழகப் பதவியோ, பெரிய உதவித்தொகையோ பின்னால் இல்லாமல், மனைவி கேரளத்தில் ஆசிரியையாக இருந்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள, ஒரு மனிதர் தனியாகச் செய்த வேலை.

அவர் குடியிருந்த தெருவின் பெயர் கான்சாரிபாடா. கான்சாரி என்றால் வெண்கலப் பாத்திரம் செய்கிறவர். கும்பகோணத்துக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: கன்னார் தெரு.

பெயர் மாற்றம் என்றால் பெரிய சாலைகளில் ஆங்கிலேயர் பெயரை எடுப்பது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கிளைவின் பெயர் போனதற்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை, விடவும் கூடாது. ஆனால் மாற்ற வேண்டிய ஆங்கிலேயர் பெயர்கள் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடுகின்றன. கௌரவிக்க வேண்டிய பெரியவர்கள் தீர்வதில்லை. ஒவ்வொரு நூற்றாண்டு விழாவுக்கும் ஒரு சாலை வேண்டும். அப்போது கண்ணில் படுவது கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சந்து. சிதாமுக்காக வாதாட வாரிசு வரப்போவதில்லை. அந்தச் சந்தில் குடியிருப்பவர்களுக்கேகூட அந்தப் பெயர் பிடிக்காமல் போகலாம். கல்யாணப் பத்திரிகையில் ‘சலவைக்காரி சந்து’ என்று அச்சடிக்க யாருக்குக் கூசாது? பையன் வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஒரு மகானின் பெயர் வந்தால் வீட்டு மதிப்பே உயரும். இந்தக் கூச்சத்தை வெளியிலிருந்து பார்த்துச் சிரிப்பது சுலபம்.

மத்திய உள்துறை அமைச்சகம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1975 செப்டம்பரில் மாநிலங்களுக்கு அனுப்பிய நெறிமுறையில், தெருப் பெயர்களை மாற்றினால் தபால்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் குழப்பம், அதோடு மக்களின் வரலாற்று உணர்வும் பறிபோகும் என்று சொல்லியிருந்தது. புதிய தெருக்களுக்குப் புதிய பெயர் வைக்கலாம், பழையதை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். அரசு சுற்றறிக்கைகளில் அபூர்வமாகவே தென்படும் நல்ல புத்தி. டெல்லி உட்பட எந்த ஊரும் அதை முழுசாகப் பின்பற்றியதாகத் தெரியவில்லை. 2015ல் அப்துல் கலாமுக்கு மரியாதை செய்ய டெல்லிக்கு ஒரு புதுச் சாலை கிடைக்கவில்லை. அவுரங்கசீப் ரோடுதான் கிடைத்தது.

கொல்கத்தாவிலேயே அந்த நல்ல புத்தி வேலை செய்த இடங்கள் இருக்கின்றன. விவேகானந்தர் பிறந்த வீட்டின் முகவரி இன்றும் கௌர் மோகன் முகர்ஜி ஸ்ட்ரீட்தான். சுவாமிஜியின் பெயரை அதன் முனையில் பிற்பாடு வந்த அகலமான சாலைக்கு வைத்தார்கள். கௌர் மோகனுக்கும் நஷ்டமில்லை, விவேகானந்தருக்கும் குறைவில்லை. இன்னும் வேடிக்கையானது பாக்பஜாரில் உள்ள கிரீஷ் அவென்யூ. நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் வாழ்ந்த பகுதி வழியாகவே புதுச் சாலை வெட்டப்பட்டது. அவர் வீட்டின் மிச்சம் இன்று நடுச் சாலையில் தீவு மாதிரி நிற்கிறது. வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகின்றன. எஸ்பிளனேட் அருகே ராணி ராஸ்மணியின் பெயரில் உள்ள சாலையிலிருந்து ஜான்பஜாரில் அவர் வாழ்ந்த மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். மீனவர் மேல் கம்பெனி போட்ட வரியை எதிர்த்து, ஹூக்ளி நதியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல் போக்குவரத்தையே மறித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்று அந்தச் சாலையில்தான் கட்சிகள் மறியலும் பேரணியும் நடத்துகின்றன.

மெட்ரோ ரயிலில் நடந்தது இதற்கு நேர் எதிர். டாலிகஞ்சிலிருந்து தெற்கே பாதை நீண்டபோது, 2009-10ல் நிலையங்களுக்குக் கவிகளும் தியாகிகளும் பெயராக வந்தார்கள். டாலிகஞ்ச் நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமார் பெயர் வந்தது பொருத்தம். வங்காள சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கும் இடம். ஆனால் பாம்ஸ்துரோணியில் இறங்க வேண்டியவர் ‘மாஸ்டர்தா சூர்ய சென்’ என்று கேட்டால் எழுந்திருக்க வேண்டும். நாக்தலாவுக்கு ‘கீதாஞ்சலி’. சூர்ய சென் வீரத்தைக் காட்டியது நூற்றுக்கணக்கான மைல் தள்ளி சிட்டகாங்கில். ஊருக்குப் புதிதாக வந்தவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்தக் கவிஞரில் இறங்குவது என்று திண்டாடினால் அது அவர் தப்பில்லை.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்கள் பல தலைமுறைகளாகத் தென்னிந்தியர்களின் பேட்டை. வாழையிலை, மல்லிகைப் பூ, காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கும். குமாஸ்தாக்களும் கணக்கர்களும் ஸ்டெனோக்களுமாக வந்து கூட்டுக்குடித்தனம் செய்தவர்கள் இங்கேதான் வேரூன்றினார்கள். அந்தப் பகுதியின் லேக் ரோடு இன்று ‘கவி பாரதி சரணி’. நிவேதிதா தேவியைச் சந்தித்துக் குருவாக ஏற்றவர் என்ற வகையில் பாரதிக்கும் வங்காளத்துக்கும் உள்ள உறவு பெரியது. பலகையைப் பார்க்கும் தமிழருக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும். ஆனால் பாரதி மறைந்தது 1921ல். தெருவுக்குப் பெயர் தந்த அந்த ஏரியை வெட்டியதே 1920களில்தான். பழைய கல்கத்தாவின் வழக்கப்படி ஜனங்கள் வாய்க்கே விட்டிருந்தால், மெஸ் நடத்திய ஒரு பாலக்காட்டு ஐயர் பெயரோ, பூ விற்ற ஓர் அம்மாளின் பெயரோ இந்தத் தெருக்களில் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சிதாமையும் பாஞ்சியையும் தெருவில் நிறுத்தி வைப்பது அவர்களுடைய தொழிலும் சாதியும்தானே? மேற்கு வங்கத்தில் தோபா என்பது பட்டியல் சாதி. மகாராஷ்டிர அமைச்சரவை 2020 டிசம்பரில் ‘மஹர்வாடா’ போன்ற சாதிப் பெயருள்ள குடியிருப்புகளின் பெயர்களை மாற்ற முடிவு செய்தது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலேயே தெருப் பலகைகளில் சாதி வாலை வெட்டும் வேலை தொடங்கியது. 2025 அக்டோபரில் தமிழக அரசு தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்க மறுபடி ஆணையிட்டது. அதே மாதம் கோவையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு உள்ளூர் மேதை ஜி.டி.நாயுடுவின் பெயரை வைத்தபோது, வாலை வெட்டிவிட்டால் ஊருக்கு ஆளைத் தெரியுமா என்ற வாக்குவாதம் கிளம்பியது.

மஹர்வாடா என்ற பெயரை எடுத்தது சரி. ஒரு கூட்டத்தை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டு, ஒதுக்கியதை நினைவூட்ட மற்றவர்கள் குத்திய முத்திரை அது. அங்கே வாழ்ந்த ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. பாஞ்சியின் விஷயம் வேறு. அது ஒருத்தியின் பெயர். அவள் துணி வெளுத்தாள். சுற்றியிருந்தவர்கள் அவளை வைத்துத் தங்கள் இருப்பிடத்தை அடையாளம் சொன்னார்கள். ‘தோபானி’யை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது வங்காளத்தில் ஆயிரம் பெண்களுக்கு இருந்த ஒரு செல்லப் பெயர். முழுசையும் எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. கோவையின் நாயுடுவுக்கு புத்தகங்கள் இருக்கின்றன, கண்காட்சி இருக்கிறது, படித்துத் தெரிந்துகொள்ளலாம். பாஞ்சிக்கு அந்தப் பலகை ஒன்றுதான். இரண்டையும் ஒரே ஆணையில், ஒரே பெயின்ட் டப்பாவால் சரிசெய்துவிட முடியும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்தச் சந்துகளுக்குள் நடந்து பார்க்கலாம்.

கொல்கத்தா மாநகராட்சியில் தெருப் பெயர்களைப் பரிசீலிக்க ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. கட்சிக்காரர்கள், மன்றங்கள், குடும்பத்தார் எல்லோரிடமிருந்தும் மனுக்கள் போகின்றன. ஒரு வார்டின் டாக்டர், ஒரு ஃபுட்பால் கோச், நாற்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த ஹெட்மாஸ்டர் ஆகியோருக்கும் இடம் வேண்டும் என்று கேட்பது நியாயமே. சிதாமுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ளவர்கள் அவர்கள்தான். புதிதாகப் போடும் பூங்காவும் பஸ் நிறுத்தமும் மேம்பாலத்துக்குக் கீழே உள்ள சதுக்கமும் அவர்களுக்குப் போகலாம். ஆனால் மேஜையின் மேல் இரண்டு மனுக்கள், ஒன்றில் ஹெட்மாஸ்டர், மற்றொன்றில் தேசத் தலைவர் என்றால் எது ஜெயிக்கும் என்று ஊகிக்க அனுபவம் வேண்டாம்.

தங்கப்பன் நாயர் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான அரிய நூல்களை மாநகராட்சி டவுன் ஹால் நூலகத்துக்காக வாங்கிக்கொண்டது. 2018 நவம்பரில், அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் கான்சாரிபாடா வீட்டைக் காலி செய்துவிட்டுக் கேரளத்துக்குத் திரும்பினார். 2024 ஜூனில் 91 வயதில் காலமானார்.

சிதாம் மூதி லேனுக்கு பின்கோடு 700006. செல்போன் வரைபடத்தில் தட்டினால் வருகிறது. பீகாரிலிருந்தோ சுந்தரவனத்திலிருந்தோ நேற்று வந்து சேர்ந்த டெலிவரிப் பையன், யார் அந்த சிதாம் என்று கேட்காமல், பொட்டலத்தைச் சரியான வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறான்.